உயர்நிலை மொழியை நேரடியாக இயக்கும் கணினிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நேரடியாக இயக்குவது" என்றால் என்ன அர்த்தம்?

உயர்நிலை மொழி என்றால் பைத்தான், சி, ஜாவா போல மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் நிரல் மொழி. அதை நேரடியாக இயக்குவதற்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் சொல்வார்கள். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் தட்டச்சு செய்த மூல நிரலையே, அடைப்புக்குறி அரைப்புள்ளி உட்பட, சிப் வாங்கிக்கொண்டு இயக்குவது ஒரு வகை. இதைச் செய்து பார்த்தவர்கள் மிகச் சிலர். கம்பைலர் (நிரலை மொழிபெயர்க்கும் மென்பொருள்) ஒன்று மொழியின் அமைப்பை ஒட்டிய ஒரு பைட்கோடாக, அதாவது சுருக்கமான கட்டளை வரிசையாக, நிரலை மாற்றித் தர, அந்தப் பைட்கோடையே தன் சொந்தக் கட்டளைகளாக சிப் எடுத்துக்கொள்வது இன்னொரு வகை. லிஸ்ப், ஜாவா என்ற நிரல் மொழிகளுக்காகச் செய்த லிஸ்ப் கணினி, ஜாவா சிப் என்று பேசப்படுபவை பெரும்பாலும் இந்த வகைதான். இது போக, ப்ராசசர் என்னவோ சாதாரணமானதுதான், ஆனால் குறிப்பிட்ட மொழிக்கு ஓயாமல் தேவைப்படும் ஓரிரு வேலைகளுக்குத் தனிக் கட்டளை வைத்திருக்கும் என்கிற மாதிரியும் உண்டு. இது ஒருவேளை உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியிலேயே இருக்கலாம்.

கம்பைலர் இருக்கும்போது இந்த வேலை எதற்கு?

இன்றைக்குக் கேட்டால் நியாயமான கேள்வி. 1960களிலும் 70களிலும் நிலைமை வேறு. கம்பைலர்கள் மெதுவாக ஓடின, அவை உருவாக்கிய நிரலும் சுமாராகவே இருந்தது. நினைவகம் விலை அதிகம், அதனால் ஒரே கட்டளை நிறைய வேலை செய்து நிரல் சுருங்கினால் லாபம். இன்னொரு விஷயமும் இருந்தது. ப்ராசசருக்குள் இருந்த மைக்ரோகோடு (ஒவ்வொரு கட்டளையையும் எப்படி நடத்துவது என்ற உள்நிரல்) நினைவகம், வெளியே இருந்த காந்த வளைய நினைவகத்தைவிட வேகமானது. ஒரு வேலையைப் பல சிறு கட்டளைகளாக வெளியிலிருந்து எடுத்து வருவதைவிட, உள்ளேயே மைக்ரோகோடாக வைத்துவிட்டால் வேகம் கூடும். இதெல்லாம் சேர்ந்து, மொழிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அதை வன்பொருளால் நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் பரவியது.

இந்தக் காரணங்கள் எல்லாமே பின்னால் காலாவதியாகிவிட்டன. காலாவதியாகாதது ஒன்றுதான்: பிழை பிடிப்பது. அணியின் (வரிசையாக அடுக்கிய மதிப்புகளின்) எல்லையைத் தாண்டிப் படிப்பது, எண்ணை நினைவக முகவரியாக நினைத்துக்கொள்வது போன்ற தவறுகளில் பலவற்றை நிரல் ஓடும்போதுதான் கண்டுபிடிக்க முடியும். ஓடும்போது செய்ய வேண்டிய சோதனையை வன்பொருள் செய்தால் பெரும்பாலும் கூடுதல் நேரமே ஆகாது. முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடியதைக் கம்பைலர் ஒரே ஒரு முறை செய்துவிட்டுப் போய்விடலாம். இந்த வரலாற்றில் எது பிழைத்தது, எது செத்தது என்று பார்க்க எனக்கு இந்த ஒரு கோடு போதுமானதாக இருந்திருக்கிறது.

முதலில் உருப்படியாகச் செய்தது யார்?

பரோஸ் நிறுவனம். ராபர்ட் பார்ட்டன் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1961இல் அறிவிக்கப்பட்ட பி5000. அல்கால் 60 மொழியை மனதில் வைத்தே அந்த இயந்திரத்தை வரைந்தார்கள். நிரலர் கையாள ரெஜிஸ்டர்கள் (ப்ராசசருக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) கிடையாது, எல்லாம் ஸ்டாக்தான், அதாவது கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு. 'அ + ஆ × இ' என்று எழுதினால், அ, ஆ, இ மூன்றையும் ஸ்டாக்கில் தள்ளு, பெருக்கு, கூட்டு என்று கட்டளைகள் வரும். கோவையை மரம்போல் வரைந்து, கீழிருந்து மேலாக ஒரு நடை நடந்தாலே கட்டளைகள் தானாக உதிரும். எந்த மதிப்பை எந்த ரெஜிஸ்டரில் வைப்பது என்ற தலைவலியே கம்பைலருக்கு இல்லை.

அதைவிட முக்கியம், அணிகளைக் கையாண்ட விதம். ஒவ்வோர் அணிக்கும் 'டிஸ்கிரிப்டர்' என்று ஒரு நினைவகச் சொல் (கணினி ஒரே தடவையில் கையாளும் பிட்டுகளின் தொகுதி) இருந்தது. அணி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பது அதற்குள் இருக்கும். குறியீட்டு எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று வன்பொருளே பார்த்துவிடும். பின்னால் வந்த பி6500இல் 48 பிட் சொல்லோடு 3 பிட் டேக் ஒன்றையும் சேர்த்தார்கள். இது எண்ணா, டிஸ்கிரிப்டரா, நிரலா என்பதை அந்த டேக் சொல்லும். இயக்க அமைப்பையும் அசெம்பிளியில் எழுதவில்லை, அல்காலை ஒட்டிய எஸ்பால் என்ற மொழியில் எழுதினார்கள். இந்தக் குடும்பம் இன்றும் யூனிசிஸ் பெயரில் உயிரோடு இருக்கிறது. என்ன, சொந்த சிப் போய், இன்டெல் ப்ராசசர்கள்மீது மென்பொருளாக ஓடுகிறது.

மூல நிரலையே இயக்கிய கணினி ஏதாவது உண்டா?

உண்டு. ஃபேர்சைல்ட் நிறுவனம் உருவாக்கிய சிம்பல். 1971இல் அது அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அதில் மொழிபெயர்ப்பு, நினைவக மேலாண்மை, உரை திருத்தம் எல்லாமே லாஜிக் கதவுகளால் ஆனவை. கம்பைலர் என்பது அங்கே ஒரு மென்பொருள் இல்லை, பல சர்க்யூட் பலகைகள்! மாறிகளின் வகையை அறிவிக்கத் தேவையில்லை, எந்த நீளத்திலும் சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) வைத்துக்கொள்ளலாம்.

கேட்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் மொழியில் ஓர் இலக்கணப் பிழையைத் திருத்த வேண்டும் என்றால் என்ன செய்வது? பலகையைக் கழற்றி வயரை மாற்ற வேண்டும். மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும், வன்பொருள் மாறாது. இலக்கணம் பிரிப்பது நிரலை எழுதி முடித்ததும் ஒரு முறை நடக்கும் வேலை. அதற்காக நிரந்தரமாகப் பலகைகளை ஒதுக்குவது, கல்யாணத்துக்குப் போட்ட பந்தலை வருடம் முழுக்க வைத்திருப்பது மாதிரி.

சோவியத் பக்கம் கீவ் நகரில் விக்டர் குளுஷ்கோவின் குழு 1960களில் செய்த மிர் கணினிகளும் இதே திசையில் போனவை. பொறியாளர்கள் கணிதக் கோவைகளை ஏறக்குறைய அப்படியே கொடுக்கலாம், இயந்திரம் புரிந்துகொள்ளும்.

லிஸ்ப் கணினிகளைப் பற்றி ஏன் இவ்வளவு ஏக்கமாகப் பேசுகிறார்கள்?

அவற்றைப் பயன்படுத்தியவர்கள் பேசுவதைக் கேட்டால், பழைய வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் பேசுவது போலவே இருக்கும். காரணமில்லாமல் இல்லை.

எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் கிரீன்பிளாட், டாம் நைட் ஆகியோர் 1970களில் தொடங்கிய வேலை இது. கான்ஸ் என்றொரு முன்மாதிரி, அதற்கு அடுத்து கேடர். அதிலிருந்து சிம்பாலிக்ஸ், எல்எம்ஐ என்று இரண்டு நிறுவனங்கள் பிரிந்தன. 1980களில் வந்த சிம்பாலிக்ஸ் 3600தான் எல்லோருக்கும் நினைவிருப்பது. சொல் நீளம் 36 பிட், மதிப்பின் வகையைச் சொல்லும் டேக்கும் அதில் அடக்கம்.

லிஸ்பில் 'அ + ஆ' என்றால் கம்பைலருக்கு எதுவும் தெரியாது. அ சிறிய முழு எண்ணாக இருக்கலாம், தசம எண்ணாக இருக்கலாம், நூறு இலக்கப் பெரிய எண்ணாகவும் இருக்கலாம். சாதாரணக் கணினியில் இரண்டின் வகையையும் முதலில் பிரித்துப் பார்த்து, கிளை பிரிந்து, அப்புறம்தான் கூட்ட முடியும். 3600 இரண்டும் முழு எண்தான் என்று துணிந்து கூட்டத் தொடங்கிவிடும். அதே நேரத்தில் பக்கத்தில் உள்ள இன்னொரு சர்க்யூட் டேக்குகளை ஒப்பிடும். சரியாக இருந்தால் விடை தயார். இல்லையென்றால் விடையைத் தூக்கி எறிந்துவிட்டு, வேலையை வேறு வழிமுறையிடம் ஒப்படைக்கும். பத்தில் ஒன்பது முறை முதல் வழிதான் நடக்கும் என்பதால் சோதனை கிட்டத்தட்ட இலவசம்.

கார்பேஜ் கலெக்டருக்கும் (இனி தேவைப்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் பகுதி) இதே டேக் உதவியது. ஒரு சொல்லைப் பார்த்த உடனே அது முகவரியா இல்லையா என்று தெரிந்துவிடும். புதிதாகப் பிறந்த பொருளைச் சுட்டும் முகவரி எங்கே எழுதப்படுகிறது என்பதையும் வன்பொருளே கவனித்துக் குறித்துவைக்கும்.

இதெல்லாம் சேர்ந்து கொடுத்த அனுபவம் வேறு. இயக்க அமைப்பு, சாளரங்கள், எடிட்டர் எல்லாம் லிஸ்பில். ஏதாவது உடைந்தால் அந்த இடத்திலேயே நின்று, உடைந்த சார்பை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) திருத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இயக்க அமைப்பின் உள்ளேயே இப்படிச் செய்யலாம்.

அப்புறம் ஏன் வீழ்ந்தன?

எண்ணிக்கை. லிஸ்ப் கணினிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. சாதாரண நுண்செயலிகள் லட்சக்கணக்கில் விற்றன, அந்தப் பணம் அடுத்த தலைமுறை சிப்புக்குப் போனது. நீங்கள் டேக் சோதனையில் சேமித்த நேரத்தை, எதிராளி கடிகார வேகத்தைக் கூட்டியே தாண்டிவிடுவார். கூடவே லிஸ்ப் கம்பைலர்களும் முன்னேறின. 1980களின் கடைசியில் செயற்கை நுண்ணறிவுக்கு வந்துகொண்டிருந்த பணமும் வற்றியது. ஒரு துணுக்கு: உலகில் பதிவான முதல் டாட்காம் முகவரி சிம்பாலிக்ஸுடையது, 1985 மார்ச் 15.

இன்டெல்லும் ஒன்று செய்து கையைச் சுட்டுக்கொண்டதாமே?

ஐஏபிஎக்ஸ் 432, 1981. அடா மொழியையும் பொருள்நோக்கு நிரலாக்கத்தையும் மனதில் வைத்து வரைந்தது. இன்டெல்லின் எதிர்காலமே இதுதான் என்று நம்பினார்கள். இது தாமதமானதால் இடைக்கால ஏற்பாடாக வந்ததுதான் 8086. அதன் வாரிசுகளில்தான் இன்று பாதி உலகம் ஓடுகிறது என்பது வேறு கதை.

432இன் கட்டளைகள் 6 பிட்டிலிருந்து 321 பிட் வரை நீளமானவை, பைட் எல்லையில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதைப் பிரித்தறிவதே பெரும் வேலை. ப்ராசசர் ஒரே சிப்பில் அடங்கவில்லை, இரண்டாகப் பிரித்தார்கள். நிரலருக்கு ரெஜிஸ்டர்கள் இல்லை, எதற்கெடுத்தாலும் நினைவகம். ஒவ்வொரு முறை தொடும்போதும் அனுமதிச் சோதனை. 1982இல் அதே நிறுவனம் வெளியிட்ட 80286 இதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடியது.

எல்லாப் பழியையும் அனுமதிச் சோதனைமீது போடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராபர்ட் கோல்வெலும் சகாக்களும் பின்னர் இதை அளந்து பார்த்தார்கள். அடா கம்பைலர் மோசமாக இருந்ததும் ஒரு பெரிய காரணம் என்று தெரிந்தது. பக்கத்து வரியிலுள்ள சார்பை அழைப்பதற்குக்கூட, வேறொரு பாதுகாப்பு எல்லைக்குப் போகும் கனமான அழைப்பையே அது பயன்படுத்தியது. பெரிய தரவுகளைச் சுட்டாமல் நகலெடுத்து அனுப்பியது. அதாவது வன்பொருள் புத்திசாலியாக இருந்தால் கம்பைலர் சோம்பேறியாக இருக்கலாம் என்ற நினைப்பே கவிழ்த்துவிட்டது. அந்த கோல்வெல்தான் பிறகு இன்டெல்லில் பென்டியம் புரோ வடிவமைப்புக்குத் தலைமை தாங்கினார்.

ரிஸ்க் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதா?

பெருமளவு ஆமாம். ரிஸ்க் (RISC) என்பது எளிய கட்டளைகளை மட்டும் வைத்து ப்ராசசர் வரையும் முறை. ஐபிஎம்மில் ஜான் காக், பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், ஸ்டான்ஃபர்டில் ஜான் ஹென்னஸி ஆகியோர் சொன்னது எளிமையானது: கட்டளைகளைச் சின்னதாக, வேகமாக வையுங்கள், மற்றதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். 1980இல் பேட்டர்சனும் டேவிட் டிட்செலும் எழுதிய கட்டுரையில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. வாக்ஸ் 11/780 கணினியில் அணியின் எல்லையைச் சரிபார்த்து முகவரியைக் கணக்கிட 'இண்டெக்ஸ்' என்று தனிக் கட்டளையே இருந்தது. அதை விட்டுவிட்டு, அதே வேலையைச் சில எளிய கட்டளைகளால் செய்தால் 45% வேகமாக முடிந்தது! அதே இயந்திரத்தில், அதே வேலை.

இதே ஆட்கள் இன்னொன்றும் சொன்னார்கள். பயனருக்கு உயர்நிலை மொழியில் எழுத வேண்டும், பிழைச் செய்தியும் அந்த மொழியிலேயே வர வேண்டும், அவ்வளவுதான். நடுவில் மொழிபெயர்ப்பது கம்பைலரா சிப்பா என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பெர்க்லியிலேயே சோர் என்ற பெயரில், ஸ்மால்டாக் மொழிக்காக ஒரு ரிஸ்க் சிப் செய்து பார்த்தார்கள். அதில் வேலை செய்த டேவிட் அங்கர் 1984இல் வெளியிட்ட தலைமுறைவாரி கார்பேஜ் கலெக்‌ஷன் முறை முழுக்க மென்பொருள் யோசனை. இளம் பொருள்கள்தான் சீக்கிரம் சாகும், அவற்றை மட்டும் அடிக்கடி பார் என்பதுதான் அதன் சாரம். எத்தனையோ சர்க்யூட்டுகள் செய்ய முயன்றதை அந்த ஒரு யோசனை செய்துவிட்டது.

ஜாவா சிப் என்ன ஆயிற்று?

1990களின் இறுதியில் சன் நிறுவனம் பைகோஜாவா என்று ஒன்றை வரைந்தது, பெரிதாகப் போகவில்லை. ஆர்ம் நிறுவனத்தின் ஜசெல் மட்டும் கொஞ்ச காலம் கைப்பேசிகளில் இருந்தது. 'பிஎக்ஸ்ஜே' என்ற கட்டளையைக் கொடுத்தால் ப்ராசசர் ஜாவா பைட்கோடை நேரடியாக எடுத்துக்கொள்ளும். கடினமான பைட்கோடு வந்தால் மென்பொருளிடம் கொடுத்துவிடும். நினைவகம் குறைவாக இருந்த காலத்தில் அது நல்ல தீர்வு. நினைவகம் பெருகி, ஓடும்போதே கம்பைல் செய்யும் ஜேஐடி சாதாரணமானதும் வேலை முடிந்தது. ஸ்டாக் பைட்கோடை வன்பொருளில் ஓட்டினால், ஒவ்வொரு கட்டளையும் ஸ்டாக்கின் உச்சியில் முட்டி மோதும். ஜேஐடி அதையே ரெஜிஸ்டர்களில் பரப்பி, தேவையற்றதை நீக்கி, சார்புகளை ஒன்றுக்குள் ஒன்று கரைத்துவிடும்.

பைத்தானுக்கு ஒரு சிப் செய்தால் வேகமாகாதா?

அதிகம் வரும் கேள்வி. பைத்தானின் பைட்கோடு பதிப்புக்குப் பதிப்பு மாறும், அதற்கு நிலைத்தன்மை உறுதி கிடையாது. ஒரு சிப் வரைந்து முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் நீங்கள் இயக்க நினைத்த பைட்கோடு வரலாறாகிவிடும். தவிர, நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். பண்புகளை அகராதியில் தேடுவது, ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை சுட்டிகள் என்று எண்ணிக்கொண்டிருப்பது, வகை பார்ப்பது. இவற்றில் பெரும்பகுதியைச் சென்ற முறை கிடைத்த விடையை நினைவில் வைத்தே தவிர்க்கலாம். 2022இல் வந்த 3.11 பதிப்பு, சிப் எதுவும் இல்லாமல், அந்த வழியில்தான் வேகம் கூட்டியது.

சி மொழிக்கென்றே இன்றைய ப்ராசசர்கள் செய்யப்படுகின்றன என்பது உண்மையா?

ஓரளவு. தட்டையான (ஒரே நீள வரிசையாக எண்ணிடப்பட்ட) நினைவகம், சார்பு அழைத்துத் திரும்பும் முகவரியை ஊகிக்கும் சர்க்யூட் எல்லாம் சி பாணி நிரல்களுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஆனால் சியில் ஒன்றைக் கூட்டும் '++' குறி பிடிபி-11 கணினியின் கட்டளையிலிருந்து வந்தது என்ற கதையை மட்டும் நம்ப வேண்டாம். அந்த இயந்திரம் வருவதற்கு முன்பே, சிக்கு முந்தைய பி மொழியில் அது இருந்தது.

சி நிரலை எழுதி அதிலிருந்து சர்க்யூட் உருவாக்குகிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அது ஒரு நிரலையே வன்பொருளாக்குவது. இங்கே பேசுவது, அந்த மொழியில் எழுதிய எந்த நிரலையும் இயக்கும் வன்பொருள்.

சரி, இன்று எதுவுமே மிஞ்சவில்லையா?

மிஞ்சியிருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. ஐபிஎம் பெருங்கணினிகளில் 1964இன் சிஸ்டம்/360 காலத்திலிருந்தே தசம எண்களைக் கூட்டிக் கழிக்கும் கட்டளைகள் உண்டு. கோபால் (COBOL) மொழியில் எழுதிய வங்கிக் கணக்குகள் அவற்றில்தான் ஓடுகின்றன. ஆர்ம் வி8.3இல் ஜாவாஸ்கிரிப்டுக்காகவே ஒரு கட்டளை சேர்த்தார்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் எல்லாம் பின்னப் பகுதியையும் வைத்துக்கொள்ளக்கூடிய மிதவைப்புள்ளி எண்கள், பிட் வேலைக்கு மட்டும் 32 பிட் முழு எண்ணாக மாற வேண்டும். வரம்பு மீறினால் சுற்றிவர வேண்டும், ஆனால் ஆர்மின் பழைய கட்டளை வரம்பிலேயே நின்றுவிடும். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் புதுக் கட்டளை.

எனக்குப் பிடித்த வாரிசு செரி (CHERI) என்ற ப்ராசசர் வடிவமைப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஒவ்வொரு பாயிண்டரும் (நினைவக முகவரியைச் சுட்டும் மதிப்பு) தன் எல்லைகளையும் அனுமதிகளையும் தன்னோடு சுமந்துகொண்டு போகும். 64 பிட் இயந்திரத்தில் 128 பிட் பாயிண்டர், அதோடு யாரும் போலியாக உருவாக்க முடியாத ஒரு டேக் பிட். 2022இல் ஆர்ம் இதை மொரெல்லோ என்ற சோதனைப் பலகையாக வெளியிட்டது. பி5000இன் டிஸ்கிரிப்டரை நினைத்துப் பாருங்கள், அறுபது ஆண்டுகள் கழித்து அதே உருப்படி திரும்பி வந்திருக்கிறது. இலக்கணம் பிரிக்கும் பலகைகள் மட்டும் வரவேயில்லை.

நானே ஒன்று வடிவமைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஓர் எஃப்பிஜிஏ பலகையும் (உள்ளிருக்கும் சர்க்யூட்டை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப் கொண்டது) வெரிலாக்கும் (சர்க்யூட்டை விவரிக்கும் மொழி) போதும். ஃபோர்த் மொழிக்கான ஜே1 என்ற ப்ராசசரை முதலில் படியுங்கள். 200 வரிகளுக்குள் அடங்கும் வெரிலாக் நிரல், ஓர் உட்காரலில் புரியும். ஃபோர்த் ஏற்கெனவே ஸ்டாக் மொழி என்பதால் மொழிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லை.

அடுத்து லிஸ்ப் மாதிரி ஒரு குட்டி மொழி. 32 பிட் சொல்லில் கடைசி இரண்டு பிட்டுகளை டேக்காக வையுங்கள். முழு எண்ணுக்கு 00 கொடுத்தால், கூட்டும்போது டேக்கை எடுத்து மாட்டும் வேலையே இல்லை. கூட்டும் சர்க்யூட்டுக்குப் பக்கத்தில், இரு பக்கமும் 00தானா என்று பார்க்க ஒரு சில கதவுகள். ஸ்பார்க் ப்ராசசர்களிலேயே இப்படி ஒரு கட்டளை இருந்தது. ஸ்டாக்கின் உச்சியிலுள்ள இரண்டு மதிப்புகளை ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கூட்டலுக்கும் மூன்று முறை நினைவகத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

அரிதாக நடப்பதை வன்பொருளில் எழுதாதீர்கள். கொஞ்சம் சிக்கலாக ஏதாவது வந்தால் மென்பொருளுக்குத் தாவும் வழி ஒன்று இருந்தால் போதும். நான் முதல் முறை பெரிய எண்களைப் பெருக்குவதையும் சர்க்யூட்டாக எழுதத் தொடங்கி மூன்று வாரங்களை வீணடித்தேன். சோதனை நிரல்களில் ஒரு தடவைகூட அது கூப்பிடப்படவில்லை. முதலில் மென்பொருளில் ஒரு சிமுலேட்டர் எழுதி, எந்தக் கட்டளை எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணியிருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும்.

கார்பேஜ் கலெக்டரை முழுதாக வன்பொருளில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வேண்டாம். பாயிண்டர் எழுதப்படும்போதோ படிக்கப்படும்போதோ நடக்கும் சிறு சோதனையை மட்டும் வன்பொருளுக்குக் கொடுங்கள். அது ஓயாமல் நடப்பது. அசுல் நிறுவனம் ஜாவாவுக்காகச் செய்த வேகா ப்ராசசர்களும் இதைத்தான் செய்தன. எதை வைப்பது, எதை எறிவது என்ற கொள்கை மென்பொருளிலேயே இருக்கட்டும், நாளைக்கே மாற்றத் தோன்றும்.

பழைய இயந்திரங்களை ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும். பரோஸ் பி5500க்கு இணைய உலாவியிலேயே ஓடும் எமுலேட்டர் (பழைய இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) இருக்கிறது, விளக்குகள் மின்னும் முகப்புப் பலகையோடு. எம்ஐடியின் கேடருக்கும் எமுலேட்டர் உண்டு. ஜெராக்ஸின் லிஸ்ப் சூழலான மெட்லி இன்டர்லிஸ்ப்பை ஆர்வலர்கள் தூசி தட்டி, இன்றைய கணினிகளில் ஓட வைத்திருக்கிறார்கள். ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் மெட்லியை எடுங்கள். ஒரு சார்பை வேண்டுமென்றே பிழையாக எழுதி ஓட்டுங்கள், பிழைச் சாளரம் திறந்ததும் அதை மூடாமல் உள்ளே போய்த் திருத்துங்கள்.